காற்றைக் கணக்குப் போடும் வட்டு: அலுமினிய இ6பி வாங்கலாமா?

இ6பி என்பது விமானிகள் கணக்குப் போடும் கை வட்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. பேட்டரி கிடையாது, திரை கிடையாது. ஒரு வட்டுக்குள் இன்னொரு வட்டு சுழலும். நடுவில் ஒரு நீளத் தகடு மேலும் கீழும் நகரும். அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம் என்று மூன்று விதத்தில் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது அலுமினியம்.

நான் ஓக்லஹோமாவில் வாடகை செஸ்னா 172இல் பறக்கிறவள். பெண் விமானிகள் தொடங்கி நடத்தும் ஏர் ராலிகளில் வலது இருக்கையில் வழிக்கணக்குப் பார்க்கும் நேவிகேட்டராக உட்காருவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. அந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. டாலஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு தங்கை, “அக்கா, டேப்லெட்லயே எல்லாம் வந்துடுது, இந்த வட்டு எதுக்கு?” என்று கேட்டாள். ஃபோனில் ரெண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ராலி எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். யார் முதலில் வந்து இறங்குகிறார் என்பது இதில் கணக்கே இல்லை. ஒரு வட்டப் பாதை கொடுப்பார்கள். திரும்ப வேண்டிய இடங்கள் வரைபடத்தில் குறித்திருக்கும். கிளம்பும் முன்னாலேயே, ஒவ்வொரு லெக்கையும், அதாவது ஒரு திருப்பத்திலிருந்து அடுத்ததுவரை உள்ள துண்டையும், எத்தனை நிமிடம் எத்தனை விநாடியில் முடிப்பேன், மொத்தம் எத்தனை கேலன் எரிபொருள் செலவாகும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் டாங்கை மறுபடி நிரப்பிப் பார்ப்பார்கள். சொன்னதற்கும் செய்ததற்கும் யாருக்கு வித்தியாசம் குறைவோ அவருக்குக் கோப்பை. பல ராலிகளில் ஜிபிஎஸ்ஸை மூடி வைக்கச் சொல்வார்கள். இங்கே நைன்ட்டி-நைன்ஸ் என்ற பெண் விமானிகள் அமைப்பின் ஓக்லஹோமா கிளை நடத்தும் ஓக்கி டெர்பியும் இந்த வகைதான்: நேரத்தையும் எரிபொருளையும் முன்கூட்டியே சரியாகச் சொல்கிறவருக்கே பரிசு.

அப்படியென்றால் நேவிகேட்டரின் முக்கால்வாசி வேலை தரையிலேயே முடிந்துவிடுகிறது. முதல் நாள் இரவு மேசையில் வரைபடம், பென்சில், ஸ்கேல், இந்த வட்டு.

வட்டுக்கு இரண்டு முகம். முன்பக்கம் வேகம், தூரம், நேரம், எரிபொருள். பின்பக்கம் காற்று. நான் வாங்கச் சொல்வதே பின்பக்கத்துக்காகத்தான். ஒரு உதாரணத்தைக் கடைசிவரை போட்டுக் காட்டுகிறேன்.

கிழக்கு நோக்கிப் போகிறோம். பாதை 090 டிகிரி. தூரம் 46 கடல் மைல். நம் விமானத்தின் உண்மையான ஏர்ஸ்பீட், அதாவது காற்றுக்குள் அது போகும் வேகம், 105 நாட் (மணிக்கு 105 கடல் மைல்). காற்று 200 டிகிரியிலிருந்து 22 நாட் வேகத்தில் வீசுகிறது. தெற்குக் காற்று இந்த ஊருக்குப் புதிசில்லை, யாரும் கவலைப்பட மாட்டார்கள். பின்பக்கத்தில் டிகிரி எழுதிய வளையத்தைச் சுழற்றி 200ஐ மேலே உள்ள குறியின் கீழ் கொண்டு வர வேண்டும். நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கும். அங்கிருந்து நேர் மேலே 22 நாட் தள்ளிப் பென்சிலால் ஒரு புள்ளி. அப்புறம் வளையத்தைத் திருப்பி 090ஐ மேலே கொண்டு வர வேண்டும். புள்ளி இப்போது வலது பக்கம் போய்விடும். அந்தப் புள்ளி 105 என்று எழுதிய வளைகோட்டில் வந்து உட்காரும்வரை தகட்டை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். நடுத்துளைக்குக் கீழே தெரிவது தரைவேகம்: 110 நாட். புள்ளி நடுக்கோட்டிலிருந்து வலது பக்கம் 11 டிகிரி தள்ளி நிற்கிறது. மூக்கை 090இல் வைக்காமல் 101இல் வைத்தால்தான் நேர் கிழக்கே போவோம்.

முன்பக்கம் திருப்புங்கள். 60 என்ற இடத்தில் ஒரு பெரிய கறுப்பு முக்கோணம் இருக்கும். அதை 110இன் கீழ் வைத்துவிட்டு, வெளி வளையத்தில் 46ஐத் தேடுங்கள். அதன் நேர் கீழே 25 நிமிடம். அதே முக்கோணத்தை 8.5இன் கீழ் வைத்தால், அதாவது மணிக்கு 8.5 கேலன் குடிக்கும் இன்ஜின் என்றால், 25 நிமிடத்துக்கு மேலே மூன்றரை கேலன்.

இதே வழியில் திரும்பி வருகிறோம் என்று வையுங்கள். பாதை 270. காற்று அதேதான். இப்போது அது இடது முன்பக்கத்திலிருந்து அடிக்கும். தரைவேகம் 95 நாட்டாக இறங்கிவிடும், நேரம் 29 நிமிடம். போக 25, வர 29. காற்றே இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் 26 சொச்சம்தான். விநாடிக்குப் புள்ளி போகும் போட்டியில் அந்தச் சில நிமிடம் மலை மாதிரி.

டேப்லெட்டும் இந்த எண்களைத் தரும், நொடியில் தரும், தப்பில்லாமல் தரும். ஆனால் வட்டில் அந்தப் பென்சில் புள்ளி வலது பக்கம் நகர்வதைக் கண்ணால் பார்க்கிறோம். காற்று எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறது, எவ்வளவு தள்ளுகிறது என்பது படமாக மனசில் பதிந்துவிடுகிறது. மறுநாள் மேலே போய்க் கீழே ஒரு சாலை தெற்கே நழுவுவதைப் பார்த்தவுடன், “சரி, இது நாம் எதிர்பார்த்த தெற்குக் காற்றுதான்” என்று புரிகிறது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக நழுவினால் அதுவும் புரிகிறது.

இந்த வட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டு வந்தவர் ஃபிலிப் டால்டன், அமெரிக்கக் கடற்படை ஆள். 1930களில் பல மாதிரிகள் செய்து பார்த்தார். இ6பி என்ற பெயர் 1940இல் ராணுவ விமானப் படை கொடுத்தது. 1941இல் ஒரு மாணவருக்கு ஸ்பின் (விமானம் சுழன்றபடி இறங்குவது) பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது விமானம் விழுந்து டால்டன் இறந்துபோனார். இரண்டாம் உலகப் போரில் அவர் வட்டோடு பறந்தவர்களின் எண்ணிக்கையை அவர் பார்க்கவில்லை. இன்றைக்கும் விமானிப் பயிற்சிக்குச் சேர்கிற பிள்ளைகள் கையில் இருப்பது கிட்டத்தட்ட அவர் செய்த அதே வட்டுதான்.

ஆக, ராலிகளின் மூலமான 1929 பெண்கள் ஏர் டெர்பியில் இந்த வட்டு கிடையாது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள் மேல் மரியாதை கூடுகிறது. 1929 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா க்ளோவர் ஃபீல்டிலிருந்து ஒஹாயோவின் க்ளீவ்லாண்டுக்குப் போட்டி கிளம்பியது. கலந்துகொண்டவர்கள் 20 பேர். சேர வேண்டுமானால் 100 மணி நேரம் தனியாகப் பறந்திருக்க வேண்டும், அதில் 25 மணி நேரம் ஊர்விட்டு ஊர் போனதாக இருக்க வேண்டும். பாலைவனத்தில் இறங்க நேர்ந்தால் சமாளிக்க ஒரு கேலன் தண்ணீரும் மூன்று நாள் சாப்பாடும் கூடவே எடுத்துப் போக வேண்டும். ஓபல் குன்ஸ் சொந்தமாக 300 குதிரைத்திறன் விமானம் வைத்திருந்தார். பெண் ஓட்டுவதற்கு அது அதிகம் என்று சொல்லி அமைப்பாளர்கள் அனுமதிக்கவில்லை. சக்தி குறைந்த வேறொரு விமானம் ஏற்பாடு செய்துகொண்டு அவர் பறந்தார். தன் விமானத்தைத் தானே தினமும் ஓட்டுகிறவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னும் வருகிறது.

அவர்களிடம் இருந்தது சாலை வரைபடம், திசைகாட்டி, கைக்கடிகாரம். ரயில் தண்டவாளத்தைப் பார்த்து, ஆற்றைப் பார்த்துப் போனார்கள். காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பதைக் கண்ணாலேயே அளந்தார்கள்.

லூயிஸ் தேடன் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். போட்டிக்காக அவருடைய டிராவல் ஏர் விமானத்தை விச்சிட்டாவிலிருந்து கொண்டு வரும் வழியிலேயே இன்ஜின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு அவர் தலையைச் சுற்ற வைத்தது. அதைச் சரிசெய்ய நேரமில்லை. வெளிக்காற்று உள்ளே வர நான்கு அங்குலக் குழாய் ஒன்றை காக்பிட்வரை போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் குழாய்க்கு மூக்கைக் கொடுத்து மூச்சு விட்டுக்கொண்டே அமெரிக்காவின் பாதிக்கு மேல் கடந்து க்ளீவ்லாண்டில் முதலாவதாக வந்தார். கிளாடிஸ் ஓ’டானல் இரண்டாவது. அமிலியா ஏர்ஹார்ட் மூன்றாவது. உலகத்துக்கு மூன்றாவது பெயர் மட்டும்தான் தெரியும். எங்கள் ஹேங்கர் (விமானக் கொட்டகை) பேச்சில் முதலில் வருவது தேடன்தான். சிறிய இன்ஜின் பிரிவில் ஃபீபி ஓம்லி வென்றார்.

பிளான்ச் நோய்ஸ் டெக்சஸ் பேகோஸ் பக்கம் பறந்துகொண்டிருந்தபோது பின்னால் சாமான் வைக்கும் அறையில் தீப்பிடித்தது. கருவேல மரங்கள் மாதிரி மெஸ்கீட் புதர்கள் மண்டிய பாலைவனத்தில் விமானத்தை இறக்கி, மணலை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்து, மறுபடி கிளப்பிக்கொண்டு போனார். பேகோஸில் பான்ச்சோ பார்ன்ஸ் இறங்கும்போது ரன்வேயில் நின்ற காரில் மோதி விமானத்தை இழந்தார். மார்வெல் கிராசன் அரிசோனாவில் விழுந்து இறந்தார். போட்டியை நிறுத்து, பெண்களுக்கு விமானம் சரிப்படாது என்று எண்ணெய் முதலாளி ஹாலிபர்ட்டன் குரல் கொடுத்தார். பெண்கள் நிறுத்தவில்லை. கிராசனுக்குச் செய்யக்கூடிய மரியாதை போட்டியை முடிப்பதுதான் என்று மறுநாளும் கிளம்பினார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 2 அன்று நியூயார்க் லாங் ஐலாண்டில் கர்ட்டிஸ் ஃபீல்டு ஹேங்கரில் 26 பெண்கள் கூடினார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் உரிமம் வைத்திருந்த பெண் விமானிகள் 117 பேர். முதல் உறுப்பினர்களாகச் சேர்ந்தவர்கள் 99 பேர். சங்கத்துக்கு நைன்ட்டி-நைன்ஸ் என்று பெயர் அமைந்தது இப்படித்தான். 1931இல் ஏர்ஹார்ட் முதல் தலைவரானார். இன்று நான் கலந்துகொள்ளும் ராலிகளை நடத்தும் கிளைகள் எல்லாம் அந்த ஹேங்கர் கூட்டத்தின் வாரிசுகள்.

இதில் வட்டுக்குத் தொடர்புள்ள ஒரு கிளைக்கதை இருக்கிறது. 1935இல் ஊர்ப் பெயர்களைக் கூரைகளில் பெரிய எழுத்தில் எழுதி, மேலே பறப்பவர்களுக்கு வழிகாட்டும் அரசுத் திட்டம் தொடங்கியது. அதை யோசித்தவர் ஓம்லி. வேலைக்கு எடுத்துக்கொண்டவர்களில் தேடனும் நோய்ஸும் இருந்தார்கள். இன்றும் நைன்ட்டி-நைன்ஸ் கிளைகள் விமான நிலையத் தரையில் திசைகாட்டி ரோஜா, அதாவது திசைகள் குறித்த பெரிய வட்டம், வரைகின்றன. விடுமுறை நாளில் ரோலரும் பெயிண்டுமாக முட்டி போட்டு வரைவார்கள். அந்த ரோஜாவின் மேல் விமானத்தை நிறுத்தித் திசைகாட்டியில் எத்தனை டிகிரி பிசகு என்று சரிபார்க்கலாம். வட்டில் 101 என்று கணக்குப் போட்டுவிட்டு, திசைகாட்டி நான்கு டிகிரி தப்பாகக் காட்டினால் என்ன பிரயோஜனம்? வட்டு தரும் விடை உண்மை வடக்கை வைத்தது. அதிலிருந்து காந்த வடக்குக்கான வித்தியாசத்தைக் கழித்து அல்லது கூட்டி, அதன் பிறகு அந்த விமானத்தின் திசைகாட்டிப் பிசகையும் சேர்த்தால்தான் ஓட்ட வேண்டிய எண் வரும். புதிதாக வாங்குகிறவர்கள் இந்த இரண்டு படியையும் விட்டுவிட்டு வட்டைக் குறை சொல்கிறார்கள்.

போருக்குப் பிறகு 1947இல் கடற்கரைக்குக் கடற்கரை பெண்கள் பறக்கும் போட்டி மறுபடி தொடங்கியது, பாம் ஸ்பிரிங்ஸிலிருந்து ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்கு. முதல் ஆண்டு பாதையை முடித்தது ஒரே ஒரு சின்ன எர்கூப் விமானம்; ஓட்டியவர் கேரலின் வெஸ்ட், உடன் போனவர் பியாட்ரிஸ் மெடிஸ். அந்த ஒற்றை விமானத்தில் தொடங்கியது முப்பது ஆண்டு நடந்தது. ஃபிரான் பெரா மட்டும் ஏழு முறை வென்றார். செலவு ஏறி, ஸ்பான்சர் குறைந்து, வான்வெளியில் நெரிசலும் கூடி 1977இல் அது நின்றபோது, அதே ஆண்டு ஏர் ரேஸ் க்ளாசிக் அதன் இடத்தைப் பிடித்தது. இன்றும் நடக்கிறது.

ஆனால் நாடு முழுவதும் பறக்க எல்லோராலும் முடியாது. வேலை, குழந்தைகள், வாடகை விமானத்தின் மணிக்கணக்கு. ஒரு வார விடுமுறையும் ஆயிரக்கணக்கான டாலரும் வேண்டும். அதனால்தான் வட்டாரப் போட்டிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 1970இல் கிளேர் வால்டர்ஸ் தொடங்கிய பாம்ஸ் டு பைன்ஸ் அப்படிப்பட்டது. அவர் சான்டா மோனிகா விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். 1929இல் டெர்பி கிளம்பிய அதே நிலம். அங்கிருந்து வடக்கே ஆரிகன்வரை, பகல் வெளிச்சத்தில் மட்டும், கண்ணால் பார்த்தே பறந்த போட்டி. பனை மரத்தில் தொடங்கிப் பைன் மரத்தில் முடிந்தது. சனி ஞாயிறு ஒட்டி ஒரு நாள் லீவு போட்டால் போதுமாக இருந்தது. தன் மாணவிகள் பயிற்சி முடித்ததும் லைசென்ஸை அலமாரியில் வைத்துவிடாமல் தொடர்ந்து பறக்க ஒரு காரணம் வேண்டும் என்ற அக்கறையை அந்தத் தூரத்திலேயே பார்க்கலாம்.

அந்தப் போட்டியிலும் ஏர் ரேஸ் க்ளாசிக்கிலும் ஹேண்டிகேப் முறை. ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் தகுதிக்கேற்ப ஒரு வேகத்தை எழுதிவிடுவார்கள். அந்த எண்ணை எவ்வளவு தாண்டுகிறீர்கள் என்பதுதான் போட்டி. பழைய செஸ்னா 150இல் வரும் கல்லூரி மாணவிக்கும், 300 குதிரைத்திறன் பொனான்சாவில் வரும் பணக்காரருக்கும் ஒரே வாய்ப்பு. காற்று எந்த உயரத்தில் சாதகமாக இருக்கிறது என்று சரியாகக் கணித்தவர் ஜெயிப்பார். நேரம்-எரிபொருள் சொல்லும் ராலி இதற்கும் ஒரு படி மேலே போகிறது. அதில் இன்ஜினின் பலம் துளியும் உதவாது. ஓபல் குன்ஸிடம் “உன் இன்ஜின் பெரிசு” என்று சொன்ன உலகத்துக்குப் பெண் விமானிகள் கொடுத்த மிக நல்ல பதில் இந்தப் போட்டி விதிதான் என்பது என் எண்ணம். இன்று பல ராலிகளில் ஆண்களும் சேர்ந்துகொள்ளலாம். அதே விதிதான் அவர்களுக்கும்.

இப்போது வட்டுக்குத் திரும்புவோம். மேலே போன பிறகு அது எப்படி உழைக்கிறது?

அந்த 46 மைல் லெக்கையே எடுத்துக்கொள்வோம். கிளம்பி 12 கடல் மைலில் ஒரு தண்ணீர்த் தொட்டி, வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. அதைத் தாண்டும்போது 7 நிமிடம் ஆகிவிட்டது. முன்பக்கத்தில் 12இன் கீழ் 7ஐ வையுங்கள். கறுப்பு முக்கோணம் 103இல் நிற்கும். நாம் எழுதிக் கொடுத்தது 110. முக்கோணத்தை நகர்த்தாமல் மீதி 34 மைலுக்குக் கீழே பார்த்தால் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் கிட்டத்தட்ட 27. கொடுத்த நேரத்தைப் பிடிக்க த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தை) கூட்டலாம், ஆனால் எரிபொருள் கணக்கு கெடும். கூட்டுவதா, விட்டுவிட்டு அடுத்த லெக்கில் ஈடுகட்டுவதா என்று இடது இருக்கையில் இருப்பவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். இந்தப் பேச்சுதான் ராலியின் சுவாரஸ்யமே. இடது கையில் வட்டைப் பிடித்துக் கட்டை விரலாலேயே சுழற்றிவிடலாம், வலது கையில் பென்சில் இருக்கும், கண் வெளியே இருக்கும். குலுக்கலில் தொடுதிரையில் சரியான கட்டத்தை அழுத்தப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வெயிலும் ஒரு காரணம். ஜூலை மாத காக்பிட்டில், கண்ணாடிக்குக் கீழே வைத்த டேப்லெட்டுகள் சூடாகி அணைந்துபோவது எல்லா விமானிகளும் பார்த்ததுதான். அலுமினிய வட்டும் சுடும், விரலை எடுக்க வைக்கும் அளவுக்குச் சுடும், ஆனால் வேலை செய்வதை நிறுத்தாது. அட்டை வட்டு அந்தச் சூட்டிலும் வியர்வையிலும் நெளிந்துபோகிறது. உள் வளையம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் ஒரு நாட், இரண்டு நாட் தப்பாகப் படிக்க நேரும். பிளாஸ்டிக் வகை இடைப்பட்டது: நெளியாது, ஆனால் பையில் சாவியோடு கிடந்து கீறல் விழுந்தால் சின்ன எண்கள் மங்கிவிடும்.

அலுமினியத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. எண்கள் ரொம்பப் பொடி. நாற்பது தாண்டியவர்கள் படிக்கும் கண்ணாடி போட்டால்தான் 100க்கும் 110க்கும் நடுவில் உள்ள கோடுகளைப் பிரித்துப் பார்க்க முடியும். புதிதாக வாங்கியதும் வளையம் இறுக்கமாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் சும்மா டிவி பார்க்கும்போது சுழற்றிக்கொண்டிருந்தால் இளகிவிடும். நாள்பட நடுத்தகடு தளர்ந்து, தலைகீழாகப் பிடித்தால் வழுக்கி இறங்கும். ரப்பர் பேண்ட் ஒன்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புள்ளியை பால்பாயின்ட் பேனாவால் வைக்கவே வைக்காதீர்கள், அந்தக் கறை சொரசொரப்பான வட்டில் நிரந்தரமாகத் தங்கிவிடும். மென்மையான பென்சில், ஒரு சின்ன அழிப்பான். அது போதும்.

இன்னொன்று எல்லா வகைக்கும் பொது: தசமப் புள்ளி வட்டில் கிடையாது. 35 என்று எழுதியிருப்பது 3.5ஆகவும் இருக்கலாம், 350ஆகவும் இருக்கலாம். எது என்று நமக்குத்தான் தெரிய வேண்டும். 25 நிமிடத்துக்கு 35 கேலன் எந்தச் செஸ்னாவும் குடிக்காது என்ற பொதுஅறிவு கூடவே வேலை செய்ய வேண்டும். கால்குலேட்டர் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இது பிடித்த அம்சம். விடை வருவதற்கு முன்பே தோராயமாக எவ்வளவு வரும் என்று யோசிக்க வைக்கிறது, ராலிக்கு வேண்டியதும் அதுதானே.

விலை? அலுமினியம் முப்பதிலிருந்து நாற்பது டாலர் அளவில் வரும். அட்டை அதில் பாதிகூட இல்லை. லைசென்ஸ் எழுத்துத் தேர்வுக்கு மட்டும் தேவை, அதற்கப்புறம் தொடப் போவதில்லை என்றால் அட்டையே வாங்குங்கள், மிச்சக் காசு சில நிமிடமாவது பறக்க உதவும். தேர்வு அறையில் வட்டை எடுத்துப் போகலாம். பேட்டரியில் ஓடும் மின்னணு இ6பியும் கிடைக்கிறது, விலை கூட. காற்றுக் கணக்கை எண்ணாகவே கொடுத்துவிடும், அந்தப் பென்சில் புள்ளி இருக்காது. தேர்வில் வேகமாக முடிக்க அது நல்லது. ராலிக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாங்கும்போது மூன்று விஷயம் கையில் எடுத்துப் பாருங்கள். வளையம் முழு வட்டமும் ஒரே இறுக்கத்தில் சுழல வேண்டும், எங்கும் தடுக்கக் கூடாது. நடுத்துளை நடுக்கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும்; ஒரு மயிரிழை தள்ளினாலும் எல்லாக் காற்றுக் கணக்கும் ஒரே பக்கமாகத் தப்பும். அதைச் சோதிக்க எளிய வழி, நேர் எதிர்க்காற்று ஒன்று போட்டுப் பார்ப்பது: 105இல் 20 கழித்தால் 85 வர வேண்டும், திருத்தக் கோணம் சரியாகப் பூஜ்யம் இருக்க வேண்டும். கடைசியாக, நடுத்தகட்டின் இரண்டு பக்கமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மெதுவான விமானங்களுக்கு, மறுபக்கம் வேகமானவற்றுக்கு. செஸ்னா 172க்கு மெதுவான பக்கம்தான் வேண்டும், அங்கே கோடுகள் அகலமாக இருப்பதால் படிக்கச் சுலபம்.

டாலஸ் தங்கைக்கும் அலுமினியத்தையே வாங்கச் சொல்லிவிட்டேன். உங்கள் மாநிலத்தில் நைன்ட்டி-நைன்ஸ் கிளை இருந்தால் அவர்கள் நடத்தும் ராலி எப்போது என்று விசாரியுங்கள். லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லையென்றாலும் வலது இருக்கை காலியாக இருக்கிறதா என்று கேட்கலாம். போகும்போது வட்டோடு இரண்டு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் இருக்கைக்கு அடியில் உருண்டுவிடும்.